சிவக்க மறுத்த இலை

காலை ஒன்பது மணிக்கே அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள்.

தீர்ப்பு மதியம் இரண்டு மணிக்குத்தான். குற்றவாளி யார் என்று ஊர் நீதிமன்றம் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் எருமைக் கறிக்கு எவ்வளவு இஞ்சி போட வேண்டும் என்பதை ஊரே கூடி முடிவு செய்துவிட்டது. எங்கள் ரனாவ் மலைப் பக்கத்தில் நீதி தாமதமாகலாம், சமையல் தாமதமாகாது.

திருட்டு நிரூபணமானால் திருடியவர் ஊருக்கு ஓர் எருமை தர வேண்டும். அதை வெட்டிச் சமைத்து எல்லோரும் சாப்பிட்டால் சூடேறிய ஊர் குளிர்ந்துவிடும் என்பது எங்கள் வழக்கம். சோகிட் என்று பெயர். எருமையின் கருத்தை யாரும் கேட்பதில்லை.

இந்த எருமை, திருடியதாகப் புகாருக்கு ஆளான சுயிமின் வீட்டு எருமை. பெயர் மாண்புமிகு. நாள் முழுக்கச் சேற்றில் படுத்திருக்கும், ஏர் பூட்டப் போனால் முறைக்கும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்கும் என்பதால் அந்தப் பெயர். படுத்தே கிடந்தாலும் அவளுக்கு இருக்கும் ஒரே எருமை அதுதான். அது போனால் அடுத்த போகம் நெல் வயலை அவள் தன் கையால்தான் உழ வேண்டும்.

"ஜெரி, காலைத் தூக்கு. கோழி கொத்துது" என்றார் லுட்வினா அக்கா.

கொத்திய பிறகு சொன்னார். சுயிமின் வீட்டுக் கொல்லையில் குறைந்தது இருபது கோழிகள். அவற்றில் கழுத்தில் முடியில்லாத ஒன்று என் கட்டைவிரலை மண்புழு என்று நம்பிவிட்டது. அது சின்னத் தவறுதான். நான் செய்யும் தவறுகள் இதைவிடப் பெரியவை.

லுட்வினா கிம்பாங் வனத்துறை ஆராய்ச்சிக் கூடத்தில் இருபத்தாறு வருடம் காய்ந்த இலைகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டியவர். ஓய்வு பெற்றதும் மனிதர்களுக்கு ஒட்ட ஆரம்பித்தார். நான் ஜெரினுஸ், அவருடைய உதவியாளன். அதாவது வேன் டிரைவர். இதுவரை பதினான்கு வழக்குகளில் நான் சந்தேகப்பட்ட பதினான்கு பேரும் நிரபராதிகள். அதனால்தான் அக்கா என்னை வேலையில் வைத்திருக்கிறார். நான் யாரைக் கை காட்டுகிறேனோ, அவர் பெயரை முதலில் அடித்துவிடுவார். நேரம் மிச்சம்.

"என்னடா தோணுது?" என்று கேட்டார்.

"இதுல தோண என்னக்கா இருக்கு? கூட்டுறவுச் சங்கத் தோட்டத்துல பன்னெண்டு செடியக் காணோம். இவ சமையக்கட்டுக்குப் பின்னால பன்னெண்டு செடி இருக்கு. எனக்கே கணக்கு வருது. சுயிமின்தான்."

"நல்லது" என்று அக்கா நிம்மதியாக மூச்சு விட்டார். அது எனக்குப் பழகிய மூச்சு.

பன்னிரண்டு செடிகளும் அரிசிச் சாக்குகளில் முழங்கால் உயரத்துக்கு நின்றன. சாதாரணச் செடிகள் அல்ல. மண்ணில் இருக்கும் நிக்கலை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் ஜாதி. வெட்டி எரித்தால் சாம்பலிலிருந்து உலோகம் எடுக்கலாம். மலைமேல் காட்டில் இதை முதலில் கண்டுபிடித்து, விதை பொறுக்கி, நாற்று வளர்த்துக் கொடுத்தவளே சுயிமின்தான். மூன்று வருடம் முன்பு ஊர்க் கூட்டுறவுச் சங்கம் அதற்கென்று தோட்டம் போட்டது. அதன் மேற்பார்வையாளர் ரன்சிம் லஜாங்கின்தான் இப்போது புகார் கொடுத்திருக்கிறார்.

சுயிமின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்து நான்கு வயது, கைகளில் மண், முகத்தில் பிடிவாதம்.

"இந்தச் செடி எங்கேர்ந்து வந்துச்சு சுயிமின்?" என்றார் அக்கா.

"அதக் கேக்காதீங்கக்கா. மாண்புமிகுவ மட்டும் காப்பாத்திக் குடுங்க."

நான் அக்காவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். பதினைந்தாவது தடவையாவது என் புருவத்துக்கு மரியாதை கிடைக்குமா என்று ஆசை.

அக்கா கைப்பையிலிருந்து ஒரு கட்டு வெள்ளைத் தாள் எடுத்தார். ஏதோ ரசாயனத்தில் ஊறவைத்துக் காயவைத்த தாள். ஒரு செடியின் அடியிலிருந்து முற்றிய இலை ஒன்றைக் கிள்ளி, தாளில் வைத்துக் கசக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். பச்சைக் கறை. அவ்வளவுதான்.

"நிக்கல் இருந்தா?" என்று கேட்டேன்.

அக்கா தன் நோட்டுக்குள் பத்திரப்படுத்தியிருந்த மலைக்காட்டு இலை ஒன்றை எடுத்து இன்னொரு தாளில் கசக்கினார். தாள் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்தது.

பன்னிரண்டு செடியிலும் பார்த்தார். பன்னிரண்டும் சிவக்க மறுத்தன.

"அப்ப இது தோட்டத்துச் செடியே இல்ல!" என்று கத்தினேன். "அங்க இருக்குறது நிக்கல் மண்ணு. அங்க வளர்ந்திருந்தா சிவந்திருக்கணும். சுயிமின் நிரபராதி! நான் அப்பவே நெனச்சேன்."

அக்கா செடிப் பக்கம் திரும்பினார். ஓட்டை விழுந்த ஓர் இலையைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். பிறகு கோழிகளைப் பார்த்தார். கோழிகளைப் பார்த்த நேரம் கொஞ்சம் அதிகம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"வண்டிய எடு" என்றார்.

வேனில் போகும்போது கேட்டேன். "அக்கா, அந்த உலோகம் விஷம்தானே? செடி எப்படிச் சாகாம நிக்குது?"

"பெரும்பாலான செடி வேர்லயே கதவச் சாத்திரும். உள்ள வராதன்னு வெரட்டிரும். அதுவும் முடியாதது குட்டையா, மஞ்சளா, சொரத்தே இல்லாம நிக்கும், நீ திங்கக்கிழமை நிக்கிற மாதிரி. இந்த ஜாதி வேற. வா வான்னு உள்ள கூப்பிடும். வந்ததும் ஒரு புளிப்பு அமிலத்தோட கையக் கோத்துவிட்டு, இலைத்தோல்ல ஒரு அறையில போட்டுப் பூட்டிரும். இலை உதிர்ற வரைக்கும் தெறக்காது."

"வீட்டோட மாப்பிள்ள கதைதான். நானும் அப்படி ரெண்டு வருஷம் இருந்தேன்."

"அதுல அதுக்கு ஒரு லாபம். அவ்வளவு விஷம் இருக்குற இலைய எவன் கடிப்பான்?"

"என்னையும் யாரும் கடிக்கல அக்கா. என் மாமியாரத் தவிர."

தோட்டம் தார்ச்சாலை ஓரத்திலேயே இருந்தது. வாசலில் பெரிய பலகை. அதில் செடியின் படம் சிறியதாகவும் ரன்சிமின் படம் பெரியதாகவும் இருந்தன. அதற்குப் பின்னால் பத்துக் கார் நிற்கும் அளவுக்குச் சிமெண்டுத் தரை. நிக்கல் மண்ணுக்கு உரிய அந்தச் சிவப்பில் வரிசை வரிசையாகச் செடிகள்.

ரன்சிம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஐம்பது வயது. தோட்ட வேலைக்கு இஸ்திரிச் சட்டை போடுகிறவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும். வேலை செய்யாமல் இருக்கவும் ஓர் ஒழுக்கம் வேண்டுமே.

"வாங்க லுட்வினா அக்கா. வியாழக்கிழமை தலைநகரத்துலேர்ந்து பெரியவங்க பாக்க வர்றாங்க. அதுக்குள்ள இந்தத் திருட்டு அசிங்கம் முடிஞ்சிரணும்."

"முடிச்சிரலாம் தம்பி. நிக்கல் மண்ணு மலைமேலதான் இருக்கும்னு நெனச்சேன். ரோட்டுக்கே எறங்கி வந்திருச்சே?"

"அதிர்ஷ்டம்" என்றார் ரன்சிம். "இந்த ஒரு துண்டு மட்டும் இங்க."

"மேல போகணும்னா ஒன்றரை மணி நேரம் ஏறணும், இல்ல?"

"ஏறலாம். பெரியவங்க பளபள ஷூ போட்டுட்டு எப்படி ஏறுவாங்க? எனக்கும் முட்டி வலி."

"செடியெல்லாம் நல்லா உலோகம் சேத்திருக்கா?"

"ஒவ்வொரு இலையும் ஒரு சுரங்கம் அக்கா!" ரன்சிம் கையை விரித்தார். பலகையில் இருக்கும் படத்திலும் அதே விரிப்பு.

"ஒவ்வொரு இலையுமா?"

"ஒன்னு விடாம."

"கேட்டியா ஜெரி? ஞாபகம் வச்சுக்கோ" என்று அக்கா திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு தாளைக்கூட எடுக்கவில்லை.

வேனுக்குள் வந்ததும் பொங்கினேன். "இங்க ஒரு இலையக் கசக்கிப் பாத்திருக்கலாமேக்கா? சிவந்துச்சுன்னா கேஸ் முடிஞ்சுது."

"உன் காலர்ல என்ன?"

தட்டினேன். உருண்டையாக, பச்சையாக, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த புழு ஒன்று என் மடியில் விழுந்தது.

"ஐயே! தோட்டத்துலேர்ந்து ஒட்டிருக்கு."

"ஆமா. குண்டா இருக்குல்ல?" என்றார் அக்கா, பேரனைப் பற்றிச் சொல்வது மாதிரி. "தாள் எதுக்கு ஜெரி? இதுதான் சாட்சி."

எனக்கு விளங்கவில்லை. விளங்கியது போலத் தலையாட்டினேன். சம்பளமே அதற்குத்தான்.

இரண்டு மணிக்கு ஊர் மண்டபம் நிறைந்திருந்தது. ஊர்த் தலைவர் குலிம் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு பெரிய தாப்பாய் ஜாடி. உள்ளே புளிக்கவைத்த அரிசி மது, மேலே மூங்கில் உறிஞ்சுகுழல், எவ்வளவு குடித்தாயிற்று என்று காட்ட ஓர் அளவுக் குச்சி. தீர்ப்பானதும் இரு தரப்பும் ஒரே ஜாடியில் குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் வழக்கு முடிந்தது. அதன்பின் யாரும் அதைக் கிளறக் கூடாது.

மண்டபத்துக்கு வெளியே மாண்புமிகு கட்டப்பட்டிருந்தது. படுத்திருந்தது. பக்கத்தில் ஒருவர் கத்தி தீட்டிக்கொண்டிருக்க, அது அந்தச் சத்தத்துக்கு அசை போட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கறி சாப்பிடுகிறவன் எருமையின் கண்ணைப் பார்க்கக் கூடாது.

"பன்னெண்டும் நம்ம தோட்டத்துச் செடி" என்றார் ரன்சிம். "ஏழாவது வரிசைல பன்னெண்டு குழி காலியாக் கிடக்கு. பதினோரு நாளாச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?"

"சுயிமின், நீ என்ன சொல்ற?" என்றார் தலைவர்.

சுயிமின் தரையைப் பார்த்தாள். "எனக்குப் பதிலா அக்கா பேசுவாங்க."

லுட்வினா அக்கா எழுந்தார். பன்னிரண்டு தாள்களையும் பாயில் விரித்தார். எல்லாம் வெறும் பச்சைக் கறை. கடைசியில் மலைக்காட்டு இலையின் தாள், சிவப்பாக. எது எதன் தாள் என்று நிதானமாகச் சொன்னார்.

"தாள் கெட்டுப் போயிருக்கும்" என்றார் ரன்சிம்.

"கெட்ட தாள் ஒன்னு மட்டும் எப்படித் தம்பி சிவக்கும்?"

"அவ வீட்டு மண்ணுல வச்சதும் உலோகம் எறங்கிப் போயிருக்கும்."

"இலைக்குள்ள கட்டிப் பூட்டி வச்சத அது திருப்பித் தராது. அதுவும் பதினோரு நாள்ல! நீங்க கடன் வாங்கின கடப்பாரையே மூணு வருஷமா எங்க வீட்டுக்குத் திரும்பி வரல."

மண்டபம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"தலைவரே, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இன்னிக்குக் காலைல ரன்சிம் தம்பி என்கிட்ட, தோட்டத்துல ஒவ்வொரு இலையும் சுரங்கம்னு சொன்னாரு. ஒன்னு விடாம. ஜெரி சாட்சி."

நான் மார்பை நிமிர்த்தினேன். யாரும் பார்க்கவில்லை.

"அது உண்மைன்னா, இந்தப் பன்னெண்டு செடியும் அவர் தோட்டத்துது இல்ல. சுயிமின் அவ வீட்டுக்குப் போகலாம். இந்தப் பன்னெண்டும் அவர் தோட்டத்துதுதான்னா, தோட்டத்து இலைல உலோகமே இல்ல. எது உண்மைன்னு தம்பியே சொல்லட்டும். அதையே எழுதிக்கலாம்."

அவ்வளவுதான் கேட்டார். உட்கார்ந்துவிட்டார்.

ரன்சிமின் இஸ்திரிச் சட்டை என் கண்முன்னே நனைந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தத் தோட்டத்தில் மூன்று வருடம் மண்வெட்டி பிடித்தவர்கள். முன்வரிசையில் இருந்த சிந்தியு கிழவருக்கு அங்கே ஒரு கால் நகமே போயிருக்கிறது. வியாழக்கிழமை பளபள ஷூக்கள் வேறு வருகின்றன. எருமையா, தோட்டமா? ஒருவர் இவ்வளவு யோசித்து நான் பார்த்தது, என் கல்யாணத்தன்று என்னைத்தான்.

"நான்... அவசரப்பட்டுட்டேன்" என்றார் ரன்சிம். "இது எங்க செடி இல்ல. வேற செடி."

"நிச்சயமா?" என்றார் தலைவர்.

"நிச்சயமா."

"அப்ப ஒரு பொம்பளைய ஊர் நடுவுல திருடின்னு சொன்னது பொய். அதுக்கும் சோகிட் உண்டு. உன் பன்னில பெருசா ஒன்னு கொண்டா."

"தர்றேன்" என்றார் ரன்சிம் உடனே. பன்றியோடு போகிறதே என்று அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. குழலைப் பிடித்து உறிஞ்சினார். அக்கா கழுத்தை நீட்டி அளவுக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். தாப்பாய் குறி வரைக்கும் இறங்கியது. அடுத்து சுயிமின் குடித்தாள். வெளியே கத்தி தீட்டும் சத்தம் நின்றது.

அக்கா கைப்பையைத் திறந்தார்.

"இன்னும் முப்பது தாள் மிச்சம் இருக்கு. வீணாப் போகுது. தோட்டம் அஞ்சு நிமிஷ நடைதான். உங்க சுரங்கம் சிவக்கிறத நீங்களும் ஒரு தடவ கண்ணால பாத்துருங்களேன்."

ரன்சிம் ஏப்பத்தைப் பாதியில் நிறுத்தினார்.

முதல் தாளை சிந்தியு கிழவர் வாங்கினார். போன நகத்துக்கு ஏதாவது பலன் உண்டா என்று பார்க்க அவருக்கு உரிமை இருந்தது. ஊரே பின்னால் போனது. முப்பது பேர் முப்பது இலைகளைக் கசக்கினார்கள். முப்பது தாளும் பச்சை. ஒன்றுகூட வெட்கத்துக்காவது சிவக்கவில்லை. தலைவர் தன் கைத்தடியால் மண்ணைக் கிளறினார். மேலே ஒரு விரல்கடை சிவப்பு. அதற்குக் கீழே நல்ல கறுப்பு மண், முட்டைக்கோஸ் போடலாம். சிவப்பை எடுத்து விரலில் தேய்த்தார்.

"செங்கல் பொடி" என்றார்.

நிக்கல் மேல்மண்ணில்தான் இருக்கும் என்று மண்வெட்டி பிடித்தவர்களை நம்பவைத்துவிட்டு, மழை பெய்யும்போதெல்லாம் ரன்சிம் விடியற்காலையில் வந்து தூவியிருக்கிறார். அந்த மனிதர் வேலை செய்யாதவர் என்று காலையில் நினைத்ததற்கு நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"அப்படின்னா அந்தப் பன்னெண்டும் என்னோடதுதான்!" என்று ரன்சிம் அலறினார். "எதுவுமே சிவக்கல பாருங்க! அவதான் திருடினா! கேஸத் திருப்பி எடுங்க!"

தலைவர் குலிம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"குடிச்சாச்சு" என்றார்.

அதற்கு மேல் யாரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. ரன்சிம் மீது அடுத்த வழக்கு புதன்கிழமைக்கு வைக்கப்பட்டது. அதற்கு ஒரு பன்றி போதாது என்று சிந்தியு கிழவர் அபிப்பிராயப்பட்டார்.

மாண்புமிகுவை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். அது தான் உயிர் தப்பிய விஷயம் தெரியாமல், நடக்கச் சொன்னதற்குக் கோபமாக இருந்தது.

"பொய்க் கேஸ் போட்டான் பாவி" என்றேன். "பாவம் சுயிமின், ஒன்னுமே செய்யாம..."

"நான்தான் எடுத்தேன்" என்றாள் சுயிமின்.

நான் நின்றேன். எருமையும் நின்றது.

"தெரியும்" என்றார் அக்கா.

"எப்பக்கா?" என்றாள்.

"காலைல. இலை பூரா புழு தின்ன ஓட்டை, ஓட்டையோட ஓரமெல்லாம் காஞ்சு போயிருக்கு, பழைய கடி. உன் கொல்லைலயோ இருபது கோழி. ஜெரியோட விரலையே விடல, புழுவ விட்டுவைக்குமா? எங்கயோ கடிபட்டுத்தான் இங்க வந்திருக்கு. எங்கேன்னு இவன் காலர்ல வந்த குண்டன் சொல்லிட்டான். விஷம் பூட்டின இலையத் தின்னு அவ்வளவு கொழுக்க முடியாது. தோட்டமே பொய்னு அப்பவே தெரிஞ்சுது."

சுயிமின் கண்ணைத் துடைத்தாள். "ஏன் புழு திங்குதுன்னு ரன்சிம் அண்ணன்கிட்ட கேட்டேன். வாய மூடுன்னாரு. விதைலேர்ந்து நான் வளத்த செடிக்கா. அதுக்கு அந்த மலை மண்ணுதான் காவல். நல்ல மண்ணுல வச்சு அதக் கையாலாகாததா ஆக்கிட்டாங்க. பன்னெண்டயாவது மேல கொண்டு போயிரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள மாட்டிக்கிட்டேன்."

"கேட்டு எடுத்திருக்கணும். எடுத்தது எடுத்ததுதான்" என்றார் அக்கா. "ஊருக்குத் தெரிய வேணாம். ஆனா குளிர வைக்கணும். ஒரு கோழி குடு."

கழுத்தில் முடியில்லாத அதைத்தான் நான் கை காட்டினேன். காலைப் பகை. வேனில் முன்சீட்டில் வைத்துக் கொண்டுபோனேன். வழி முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. அது இப்போது என் வீட்டில் வாரம் நான்கு முட்டை இடுகிறது. அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

பேச வேண்டியது வேறு. பதினைந்தாவது வழக்கில், காலை ஒன்பதேகால் மணிக்கு, சுயிமின்தான் என்று சொன்னது நான். முதல் தடவையாக நான் சரி. அதை ஊரில் யாரிடமும் சொல்லவும் முடியாது.

மறுநாள் காலை ஊரே மலையேறியது. தோட்டத்துச் செடிகளை வேரோடு பெயர்த்து, சக்கரமில்லாத இழுவைப் பலகையில் அடுக்கிக் கட்டினார்கள். அவற்றின் மேல் அந்தப் பன்னிரண்டு சாக்குகள். முன்னால் சுயிமின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒன்றரை மணி நேரச் செங்குத்து ஏற்றம். பலகையை இழுத்தது மாண்புமிகு.

மாண்புமிகு ஒருவர் மக்களுக்காக வியர்வை சிந்தியதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.